சதுக்கம் இல்லாத ஊரின் நாலு ரோடு

தர்மபுரிக்குள் பேருந்து நுழைந்ததும் நடத்துநர் "நாலு ரோடு எறங்கறவங்க முன்னாடி வாங்க" என்று குரல் கொடுப்பார். உடனே பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். துணி எடுக்க வந்தவர், டாக்டரைப் பார்க்க வந்தவர், கூடு மூட்டையோடு பட்டுக்கூடு ஏல அங்காடிக்கு வந்தவர், ஒரு வேலையும் இல்லாமல் நாலு பேரைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர் எல்லாருக்கும் அதுதான் இறங்குமிடம். செய்தித்தாளில் "4 ரோடு" என்று எண்ணில் அச்சடிப்பார்கள். அரசுக் கடிதத்தில் "நான்கு ரோடு". "நான்கு சாலை" என்று எழுதுகிற அளவுக்குத் தமிழ்ப்பற்று உள்ளவர்கள்கூட வாயைத் திறந்தால் நாலு ரோடுதான்.

உலகத்தின் பல நகரங்களில் ஊருக்கு நடுவே ஒரு சதுக்கம் இருக்கும். சுற்றிலும் கட்டடம், நடுவில் வெட்டவெளி, ஒரு சிலை, ஒரு நீரூற்று. அரசு மாறும் நாளிலும் பண்டிகை நாளிலும் ஊரே அங்கே போய் நிற்கும். தர்மபுரியில் அப்படி ஓர் இடம் இல்லை. கிருஷ்ணகிரியிலும் இல்லை. ஆனால் சதுக்கம் செய்யும் வேலைகள் மட்டும் இங்கே ஒன்று விடாமல் நடக்கின்றன. கூடுவது, விற்பது, முழங்குவது, முறையிடுவது, செத்தவருக்கு மாலை போடுவது எல்லாமே உண்டு. இந்த வேலைகளுக்கென்று இடம் ஒதுக்காததால் எல்லாம் சாலையின் மேல் வந்து விழுகின்றன. அதன் விளைவை நாம் தினமும் "போக்குவரத்து பாதிப்பு" என்ற தலைப்பில் படித்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். தஹ்ரீர் சதுக்கம், தியானன்மென் சதுக்கம், மாஸ்கோவின் செஞ்சதுக்கம் என்று வெளிநாட்டுப் பெயர்களோடு மட்டுமே படித்துப் பழகியதால் சதுக்கம் என்பது இறக்குமதிச் சரக்கு மாதிரி தோன்றும். அப்படி இல்லை. முருகன் எங்கெல்லாம் உறைகிறான் என்று அடுக்கும்போது திருமுருகாற்றுப்படை "சதுக்கமும் சந்தியும் புதுப்பூங் கடம்பும் மன்றமும் பொதியிலும்" என்கிறது. சிலப்பதிகாரம் புகார் நகரத்தின் ஐந்து மன்றங்களைச் சொல்லும்போது அவற்றில் ஒன்றைப் பூதசதுக்கம் என்கிறது. அங்கே ஒரு பூதம் நிற்கும். பொய்ச்சாட்சி சொன்னவன், புறங்கூறியவன், பிறன்மனை விரும்பியவன் போன்றவர்களைப் பாசக்கயிற்றில் கட்டி அடித்துத் தின்னும். அதாவது ஊரின் நீதி, ஊர் பார்க்க நடக்கும் இடம். இந்தப் பழைய வழக்கில் சதுக்கம் என்றால் நான்கு தெரு கூடும் இடம். ஐரோப்பிய நகரத்தின் கல் பாவிய வெட்டவெளி பிற்பாடு அந்தச் சொல்லுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பழைய பொருளை அப்படியே இன்றைய பேச்சில் சொல்லுங்கள் என்றால் நாலு ரோடு என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

பொதுவில் தொங்கிய தண்ணுமை

தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அதியமான் என்றதும் எல்லாருக்கும் நெல்லிக்கனி நினைவுக்கு வரும். பள்ளிக்கூடப் பாடம் அதோடு நின்றுவிட்டது. எனக்கு அதைவிடப் பிடித்தது புறநானூற்றின் 89-ஆம் பாட்டு. பகை அரசன் ஒருவன், "உங்கள் நாட்டில் போரிடுகிறவர்கள் இருக்கிறார்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். ஔவையார் பதில் சொல்கிறார். அடிக்கும் கோலுக்கு அஞ்சாத பாம்பு மாதிரி இளம் வீரர்கள் உண்டு. அது மட்டுமா, "பொதுவில் தூங்கும் விசியுறு தண்ணுமை" காற்று மோதி ஒலித்தாலும் 'அது போர்' என்று கிளம்பிவிடுகிற என் தலைவனும் இருக்கிறான் என்கிறார்.

தூங்கும் என்றால் தொங்கும். விசியுறு என்றால் வாரால் இழுத்துக் கட்டிய. பாட்டு அதியமானின் வீரத்தைப் பற்றியது. உரைகாரர்களும் அதையே பேசுவார்கள். என் கண் "பொதுவில்" என்ற சொல்லில் போய் நிற்கிறது. பொது என்பது இங்கே இடத்தின் பெயர், மன்றம். அங்கே ஒரு முழவு தொங்குகிறது. அது அரண்மனைக்குள் இருக்கிற முழவாக இருந்தால் காற்று தொட்டிருக்காது. ஊர் கூடும் வெளியில், யார் காதிலும் விழுகிற மாதிரி தொங்கியதால்தான் காற்றே அடித்துவிடுகிறது, அரசனும் எழுந்துவிடுகிறான். பொதுவெளியைப் பற்றித் தகடூர்க்காரர்களுக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சாட்சி இதுதான் என்று சொல்வேன். ஊரின் நடுவிலிருந்து வரும் ஒலிக்கு ஆள்பவன் காது கொடுத்தாக வேண்டும் என்பது அதில் இருக்கிறது.

அதே ஔவையார் அதியமான் இறந்தபின் பாடியது 232-ஆம் பாட்டு. அவன் நடுகல்லாகி நிற்கிறான். நடுகல்லுக்குப் பீலி சூட்டி, சிறு கலத்தில் கள்ளை வார்க்கிறார்கள். நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இந்தச் சிறு கலத்துக் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று அழுகிறார். நடுகற்கள் மிகுந்த பகுதி இது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆநிரை மீட்டுச் செத்தவன், புலியோடு மோதிச் செத்தவன், ஊரைக் காத்துச் செத்தவன் என்று ஏராளமான கற்கள் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் நிற்கின்றன. வேடியப்பன் என்று பெயர் வைத்து இன்றும் பொங்கல் வைக்கிறார்கள். ஒரு பகுதியைத் தர்மபுரி அகழ்வைப்பகத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

நாற்சந்தியில் தலைவர் சிலை வைக்கிற பழக்கம் வெள்ளைக்காரனிடம் கற்றது என்பார்கள். கொஞ்சம் உண்மைதான். ஆனால் பிறந்தநாளுக்கு மாலை, நினைவுநாளுக்கு மலர் வளையம், அணி பிரிந்தால் இரண்டு மாலை என்று நாம் சிலையோடு பழகும் விதத்தைப் பார்த்தால் நடுகல்லுக்குப் பீலி சூட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் என்பது தெரிந்துவிடும். சிலையை யாராவது அவமதித்தால் பஸ் ஓடாது. அந்த பயத்தில்தான் தமிழ்நாடு முழுக்கத் தலைவர்கள் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறார்கள். பொதுச்சாலையிலும் நடைபாதையிலும் புதிதாகச் சிலை வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் சொன்னது. இருக்கிற சிலைகளை எடுத்து ஒரு தலைவர்கள் பூங்காவில் வைக்கலாம் என்ற கருத்தை 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் முன்வைத்தது. பொது இடங்களில் உள்ள கட்சிக் கொடிக்கம்பங்களை அகற்றச் சொல்லி 2025 ஜனவரியில் மதுரைக் கிளை உத்தரவிட்டது. சட்டக் கண்ணில் நாற்சந்தி என்பது வண்டி போகும் இடம். கட்சிக்காரன் கண்ணில் அது ஊரின் நெற்றி. இரண்டும் ஒரே பத்தடி நிலத்தைப் பற்றிய பேச்சு.

மந்தைவெளி எங்கே போனது?

1792-ல் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்தபோது திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த நிலங்களில் பாராமகாலும் ஒன்று. இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் வட்டாரங்கள் இதில் அடங்கும். கேப்டன் அலெக்சாண்டர் ரீடு கையில் நிர்வாகம் வந்தது. அவருக்கு உதவியாளராக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை மாகாண ஆளுநராகி, தீவுத்திடலருகே சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரையின் மேல் சிலையாக உட்கார்ந்திருப்பவர். அந்த மன்றோ 1799 வரை இங்கே இருந்தார், தர்மபுரியில் தங்கி வேலை பார்த்தார். நிலத்தை அளந்து, இடையில் ஜமீன்தார் இல்லாமல் உழுகிறவனிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு நாற்றங்கால் இந்த மண்தான்.

இதற்கும் சதுக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், நிறைய. அளக்கும்போது யாருடையது என்று எழுத வேண்டுமே. பட்டா நிலம் ரயத்துடையது. மிச்சமெல்லாம் புறம்போக்கு. காலப்போக்கில் வருவாய்த்துறைப் பதிவேடுகளில் மந்தைவெளிப் புறம்போக்கு, களத்துப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, சந்தைப் புறம்போக்கு என்று அதற்கு வகைப்பெயர்கள் நிலைத்தன. மாடு கூடுகிற, நெல் தூற்றுகிற, கூத்து நடக்கிற, பஞ்சாயத்து கூடுகிற வெளிகள் அவ்வளவும் அந்தப் பெயர்களுக்குள் போயின. ஊருக்குப் பொது என்று இருந்தது கணக்கில் சர்க்காருக்குச் சொந்தம் என்றானது. யாருக்கும் அப்போது வித்தியாசம் உறைக்கவில்லை. மாடு வழக்கம்போல மந்தைக்குத்தான் போனது.

உறைத்தது பிற்பாடு. 1965 அக்டோபர் 2-ஆம் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மாவட்டமானது. மாவட்டம் என்றால் அலுவலகம் வேண்டும், அதற்கு இடம் வேண்டும். ஊர் ஊராகவும் இதே கதைதான். மேல்நிலைத் தொட்டி எங்கே கட்டலாம்? மந்தையில். ரேஷன் கடை? மந்தையில். வி.ஏ.ஓ. ஆபீஸ், சமுதாயக்கூடம், அங்கன்வாடி, பால் சொசைட்டி? அதே மந்தையில். ஒவ்வொன்றும் தேவையான கட்டடம், ஒன்றைக்கூடக் குறை சொல்ல முடியாது. எல்லாம் கட்டி முடித்தபின் நாலு பேர் நிற்க இடம் இல்லை என்பதுதான் பிரச்சினை. கிராமப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் தீர்ப்பளித்தது. தனியார் வளைத்த நிலம்தான் அங்கே முதன்மையான கவலை. அரசே கட்டடம் கட்டித் தீர்த்த மந்தையைப் பற்றிப் பேச இன்னும் யாரும் வரவில்லை.

புது மனைப்பிரிவுகளில் பெரியதாக இருந்தால் பத்து சதவீதம் திறந்தவெளியாக விட வேண்டும் என்று விதி இருக்கிறது. அங்கே பூங்கா வரும். பூங்காவுக்குச் சுற்றுச்சுவர், கேட், திறக்கும் நேரம், மூடும் நேரம் எல்லாம் உண்டு. குழந்தைக்கும் நடைப்பயிற்சிக்கும் நல்லதுதான். ஆனால் கேட் போட்ட இடத்தில் ஊர் கூடாது.

செவ்வாய்க்கிழமைச் சதுக்கம்

இடமாகக் கிடைக்காத சதுக்கம் இந்தப் பக்கம் கிழமையாகக் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை விடியற்காலை நல்லம்பள்ளி ஆட்டுச்சந்தைக்குப் போய்ப் பாருங்கள். காரிமங்கலத்தில் அதே செவ்வாய். ஞாயிற்றுக்கிழமை என்றால் போச்சம்பள்ளி. மற்ற நாட்களில் அங்கே போனால் வெறும் மண்ணும் கற்தூண்களும்தான். சந்தை நாளில் அதே மண்ணில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் விலை பேசும். கிருஷ்ணகிரிப் பக்கம் உருதுவும் சேரும். ஊர்ப்பெயர்களே அள்ளி, பள்ளி, பட்டி என்று கலந்து கிடக்கிற நாட்டில் இந்த மொழிகளெல்லாம் ஒன்றோடு ஒன்று முழங்கை இடித்துக்கொள்வது சந்தையில்தான். ஆடு விற்க வந்தவர் ஆட்டை மட்டும் விற்றுவிட்டுப் போவதில்லை. பெண்ணுக்கு மாப்பிள்ளை விசாரிப்பார், கோர்ட்டு வாய்தா எப்போது என்று கேட்பார், எந்த ஊரில் மழை என்று தெரிந்துகொள்வார். நகரத்துக்காரர்கள் காபிக் கடையில் செய்வதை இவர்கள் கால் உளைய நின்றபடி செய்கிறார்கள்.

இன்னொரு சதுக்கம் பதினெட்டு நாள் மட்டும் இருக்கும். திரௌபதி அம்மன் கோயில் பாரத விழா. பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று உயரமான மரத்தின் மேல் வேஷக்காரர் ஏறுவார், கீழே பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் காத்திருப்பார்கள். கடைசி நாள் காலை துரியோதனன் படுகளம். மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் திடலில் மல்லாந்து கிடப்பான், அவனைச் சுற்றி வீமன் வேஷக்காரர் கதையோடு ஓடுவார், சுற்றுவட்டாரம் முழுக்கக் கூடி நிற்கும். அந்த மண் உடல் கிடக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு ஊர் தன் மந்தையை விற்காமல், கட்டடம் கட்டாமல் வைத்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் துரியோதனனைப் படுக்கவைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கிருஷ்ணகிரியில் மாம்பழக் காலத்தில் நடக்கும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சியும் இந்த வகைதான். ஊர் வாயில் அது எக்ஸிபிஷன். செந்தூரா, மல்கோவா, பெங்களூரா எல்லாம் தட்டில் அடுக்கி நம்பர் போட்டிருக்கும். அதைப் பார்க்கிற கூட்டத்தைவிட ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளத்துக்கும் வருகிற கூட்டம் அதிகம். மைதானம் நிரம்பும், பிறகு காலியாகும்.

யார் நிற்கலாம்?

பழைய மன்றம் என்றதும் ஏதோ எல்லாரும் சமமாக உட்கார்ந்த ஆலமரத்தடி என்று கற்பனை செய்துகொள்ளக் கூடாது. எந்தத் தெருவில் யார் செருப்புப் போட்டு நடக்கலாம், எந்தக் கிணற்றில் யார் இறைக்கலாம் என்ற கணக்கு ஊர் ஊராக இருந்தது. பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது அலுவலகம் எல்லாம் எல்லாருக்கும் திறந்தவை என்று 1924-ல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்ற வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்லும். 1938-ல் அதற்குத் தனிச்சட்டம் வந்தபோது முதலமைச்சர் நாற்காலியில் இருந்தவர் ராஜாஜி, ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளிக்காரர். சட்டம் வந்து முக்கால் நூற்றாண்டு ஆனபின், 2012 நவம்பர் 7 அன்று, தர்மபுரி அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று தலித் குடியிருப்புகள் எரிந்தன. காதல் திருமணம் ஒன்றுதான் தொடக்கம். கூடுவது தன்னளவில் நல்லது என்று நம்புகிறவர்கள் இந்த மாவட்டத்தில் அந்தத் தேதியை மறக்க முடியாது.

பெண்கள் கதை வேறு மாதிரி. நாலு ரோட்டில் டீக்கடை வாசலில் கும்பலாக நின்று பேசுகிறவர்களை எண்ணிப் பாருங்கள், எத்தனை பெண்கள் என்று. பெண்கள் அந்த இடத்தைக் கடப்பார்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள், பொருள் வாங்குவார்கள். சும்மா நிற்க மாட்டார்கள். ஒரே ஒரு விதிவிலக்கு எனக்குத் தெரிந்து குமாரசாமிப்பேட்டையில் இருக்கிறது. அங்கே சிவசுப்பிரமணியர் கோயில் தைப்பூசத் தேர் ஒன்றைப் பெண்கள் மட்டுமே வடம்பிடித்து இழுப்பார்கள். ஆண்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். வழிவிடச் சொல்லி விசில் ஊதுகிற வேலைகூட அன்று எடுபடாது.

பதினொரு மணி முதல் பன்னிரண்டு வரை

சரி, இப்போது மறியலுக்கு வருவோம். இந்த மாவட்டத்தின் பொதுவாழ்க்கையில் அதிகம் புழங்கும் சொல் அதுதான்.

காரணம் எளிது. நிற்க இடம் இல்லாதவன் சாலையில் நிற்கிறான். சாலையில் நின்றாலே அது மறியல். சதுக்கம் இருக்கிற ஊரில் ஆயிரம் பேர் கூடி நின்றால் அது கூட்டம். இங்கே முப்பது பேர் நின்றாலே பெங்களூரு பஸ் லேட். அப்புறம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: பஸ் லேட்டானால்தான் அதிகாரி வருவார் என்று மக்கள் கற்றுக்கொண்டார்கள். காலிக்குடத்தோடு பெண்கள் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் பி.டி.ஓ. ஜீப் வரும். அதே பெண்கள் மனு எழுதிக் கொடுத்திருந்தால் மாதக்கணக்காகும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலந்து பல்லில் கறையும் எலும்பில் வளைவும் வந்த மாவட்டம் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியில் 2008-ல் அடிக்கல் நாட்டி 2013-ல் திறக்கப்படும் வரை குடத்தோடு சாலைக்கு வந்த பெண்களைக் கணக்கெடுத்து முடியாது. திட்டம் வந்த பின்னும் குழாயில் காற்று வரும் நாளில் வருகிறார்கள்.

மறியலைப் பெரிய அரசியல் ஆயுதமாக்கியது 1987 செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் வடமாவட்டங்களில் ஒரு வாரம் சாலைகளை மறித்தது. துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் என்ற ஆணை 1989-ல் வந்தது. சாலையில் உட்கார்ந்தால் சட்டம் மாறும் என்ற பாடத்தை எல்லாக் கட்சியும் சாதியும் அதிலிருந்து எடுத்துக்கொண்டன.

அந்தப் பாடத்தின் மிக மோசமான பக்கம் 2000 பிப்ரவரி 2. முன்னாள் முதல்வர் ஒருவருக்கு எதிராக நீதிமன்றத் தீர்ப்பு வந்த நாள். தர்மபுரியை ஒட்டிய இலக்கியம்பட்டியில் கட்சிக்காரர்கள் மறித்திருந்த சாலையில், சுற்றுலா வந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகளின் பேருந்து நின்றது. பேருந்துக்குத் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் உள்ளேயே கருகினார்கள். வெளியூரில் தர்மபுரி என்று சொன்னால் ஒகேனக்கல்லுக்கு அடுத்து இதைத்தான் கேட்கிறார்கள். சரியாக 23 வருடம் கழித்து, 2023-ல், அதே பிப்ரவரி 2 அன்று, சூளகிரி அருகே கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானது என்று இளைஞர்கள் பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை மணிக்கணக்கில் மறித்தார்கள். கல்வீச்சு, தடியடி எல்லாம் நடந்தது. எருது ஓட ஒரு மந்தைவெளி, கேட்க ஓர் அதிகாரி இரண்டும் பக்கத்தில் இருந்திருந்தால் ஆறு வழிச்சாலைக்கு என்ன வேலை என்று எனக்குத் தோன்றியது.

சட்டம் இந்த விஷயத்தில் இரண்டு கையாலும் பேசுகிறது. அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமையை அரசியல் சாசனம் தருகிறது. பொதுத்தெருவில் கூட்டம் நடத்துவதை முறைப்படுத்தலாம், அடியோடு தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1972-ல் சொன்னது. பொதுச்சாலையைக் காலவரையின்றி அடைத்து உட்கார முடியாது, போராட்டம் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் நடக்க வேண்டும் என்று 2020-ல் சொன்னது. அடிபிடி வந்தால் ஐந்து பேர் சேரவே தடை. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது பிரிவு 163. ஜனங்களுக்கு எப்போதும் "நூத்தி நாப்பத்தி நாலு"தான்.

ஒதுக்கிய இடம் என்றால் தர்மபுரியில் எது? ஏதாவது ஓர் அரசு அலுவலக வாசல். காவல்துறை அனுமதிக் கடிதத்தில் இடமும் நேரமும் இருக்கும். பந்தல், ஸ்பீக்கர், நாற்காலி வந்து இறங்கும். பதினொரு மணிக்குக் கண்டன ஆர்ப்பாட்டம் தொடங்கும், மாவட்டத் தலைவர் தலைமை, நகரச் செயலாளர் வரவேற்புரை, கோஷம், போட்டோ, பன்னிரண்டுக்கு நன்றியுரை. ஒரு மணிக்கு வேறு கட்சியின் பந்தல் அதே கம்பத்தில் கட்டப்படும். திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர் நாள். 2017-ல் நெல்லையில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் தீக்குளித்ததிலிருந்து வாசலில் பையைத் திறந்து, பாட்டிலை முகர்ந்து பார்த்துதான் உள்ளே விடுகிறார்கள். வருடம் ஒருமுறை ஜமாபந்தி. ரயத்து நேரே வந்து கணக்கைப் பார்க்கும் அந்த நாள் மன்றோ காலத்து வழக்கத்தின் எச்சம். காகிதத்தில் அதன் பெயர் வருவாய்த் தீர்வாயம்.

கூட்டங்களில் பேசும் விதமும் மாறிவிட்டது. பாப்பாரப்பட்டியில் 1925-ல் மறைந்த சுப்பிரமணிய சிவா, தொழுநோயாளி என்று ரயிலில் ஏறத் தடை இருந்த காலத்தில் நடந்தே ஊர் ஊராகப் போய்த் திடல்களில் பேசினார். பிறகு வந்த திராவிட இயக்க மேடைகளில் நட்சத்திரப் பேச்சாளர் வர இரவு பன்னிரண்டாகும், ஜனம் துண்டை விரித்துப் படுத்துக் காத்திருக்கும். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000-ஆம் ஆண்டு விதி அந்தக் கலைக்கு முடிவு கட்டியது. தூங்குகிறவனுக்கும் படிக்கிற பிள்ளைக்கும் அது நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஊரில் அறிவிப்புச் சொல்லும் தண்டோராவும் நின்றுவிட்டது. அதை அடிக்கிற வேலை ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்டிருந்ததால் 2022 ஆகஸ்டில் அரசே நிறுத்தச் சொன்னது, சொல்லியிருக்க வேண்டியதும்தான். இப்போது ஆட்டோவில் மைக் கட்டி ரெக்கார்டு போட்டுப் போகிறார்கள். ஏரியா வாட்ஸ்அப் குழுவில் விடியோ வருகிறது. யார் கேட்டார், யார் கேட்கவில்லை என்று தெரிய வழி இல்லை.

கிருஷ்ணகிரி இந்தக் கதையின் அடுத்த கட்டம். அங்கே ஊரின் முகவரி ரவுண்டானா. பெயரிலேயே சுற்று என்று இருக்கிறது, நிற்பதற்கு அங்கே வேலை இல்லை. சென்னை, பெங்களூரு, சேலம், திருவண்ணாமலை, குப்பம் என்று நெடுஞ்சாலைகள் வந்து முடிச்சுப் போடும் ஊர். திருப்பத்தூரிலிருந்து 1905-ல் குறும்பாதை ரயில் வந்தது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதைப் பெயர்த்துவிட்டார்கள், மாவட்டத் தலைநகரமாகியும் இன்றுவரை ஊருக்குள் ரயில் இல்லை. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-ல் வந்த குறும்பாதைக்கும் அதே கதி. அதனால் இரண்டு ஊருக்கும் வாசல் பஸ் ஸ்டாண்டுதான். புறவழிச்சாலை வந்தபின் பல வண்டிகள் அந்த வாசலையும் தொடாமல் மேம்பாலத்தில் போய்விடுகின்றன. இனி தர்மபுரிக்கும் ஊருக்கு வெளியே புது பஸ் ஸ்டாண்டு என்ற பேச்சு வருடக்கணக்காக ஓடுகிறது. அது வந்தால் பழைய இடத்தில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டால் வணிக வளாகம் என்றுதான் பதில் வரும். ஒன்றும் கட்டாமல் அப்படியே விட்டால் என்ன என்று இதுவரை யாரும் மனு கொடுத்ததாகக் காணோம். திங்கட்கிழமை வரிசையில் நிற்கிறவர்கள் யாராவது முயன்று பார்க்கலாம்.

அதுவரை தைப்பூசத்தன்று குமாரசாமிப்பேட்டைக்குப் போங்கள். மின்வாரியத்துக்காரர்கள் காலையிலேயே கம்பியை இறக்கிவிடுவார்கள். தேர் தெருவுக்குள் திரும்பும்போது வடத்தில் கிழவி முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை இருப்பார்கள், தெரு முழுக்கத் தலை. தேர் நிலைக்கு வந்ததும் மோர்ப்பந்தலைப் பிரிப்பார்கள், கம்பியை மேலே கட்டுவார்கள், போலீஸ்காரர் பேரிகேடை ஓரமாகத் தள்ளி வைப்பார். கற்பூரத் தட்டு அணைவதற்குள் முதல் டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்துவிடும்.